உட்கூரை விளக்கும் ஒழுகும் வெப்பமும்

வெப்பத்தை வெளியேற்றுவதற்கென வீடு கட்டும் நாடுகள் உள. வெப்பத்தை உள்ளே காத்து வைப்பதற்கென வீடு கட்டும் நாடுகளும் உள. நாம் பிறந்து வளர்ந்த நாடு முதல் வகையைச் சேர்ந்தது. எமது பழைய நாற்சார் வீடுகளை நோக்குக. உயர்ந்த கூரை, ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே காற்றுப் புகும் நீக்கல், சுவரின் மேற்பாகத்தே விடப்பட்ட துவாரங்கள், நடுவே வானத்தை நோக்கித் திறந்த முற்றம் ஆகிய யாவும் ஒரே கருத்தைப் பற்றி அமைந்தவை. சூடேறிய காற்று மேலே எழும். எழுந்த காற்று தடையின்றி வெளியேறல் வேண்டும். அதன் இடத்தைக் குளிர்ந்த காற்று வந்து நிரப்பல் வேண்டும். எமது தச்சரும் கொத்தரும் இதனை நூலிற் கற்றாரல்லர். தலைமுறை தலைமுறையாகக் கண்டு தெளிந்தனர்.

1983ஆம் ஆண்டின் பின்னர் இத்தகைய வீடுகளை விட்டுப் புறப்பட்ட எம்மவருட் பெருந்தொகையினர் இன்று கனடா, பிரித்தானியா, நோர்வே முதலிய குளிர்நாடுகளிலே சொந்த வீடு வாங்கி வாழ்கின்றனர். அவருட் பழைய மாணவர் பலராவர். அங்கே மேற்கூறிய நியதி தலைகீழாகின்றது. தை மாதத்திலே ரொறன்ரோ நகரில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை செல்சியஸுக்கு இறங்குதல் அரிதன்று. சில இரவுகளில் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையையும் கடந்து செல்லும். வீட்டினுள்ளேயோ 20 பாகை அளவில் வெப்பம் நிலைத்தல் வேண்டும். அவ்வெப்பம் வெய்யில் தரும் இலவசப் பொருளன்று. எரிவாயுவாகவும் மின்சாரமாகவும் மாதந்தோறும் பணங்கொடுத்து வாங்கப்படுவது.

குளிரை வெல்வதற்கு இரண்டு செயல்கள் வேண்டும். ஒன்று நெருப்பு மூட்டல், மற்றொன்று கதவடைத்தல். சங்கப் புலவர் நக்கீரர் பாடிய நெடுநல்வாடையிலே வாடைக்காலத்து மாந்தர் இவ்விரண்டையும் செய்யக் காண்கின்றோம். அவர்கள் கதவைத் தாழிட்டுத் தீச்சட்டியின் அருகே ஒதுங்குகின்றனர். நெருப்பு மூட்டுவதைக் குளிர்நாடுகளிலே வாழும் எம்மவர் நன்கு அறிவர். அதற்குரிய கட்டணப் பற்றுச்சீட்டு மாதந்தோறும் அறிவுறுத்துகின்றது. கதவடைத்தலிலேதான் குறை நேர்கின்றது. வாயிற்கதவையும் சாளரத்தையும் அடைக்கின்றனர். ஆனால் தலைக்கு மேலே திறந்து கிடக்கும் சிறு கதவுகளைக் காண்கின்றாரல்லர். அக்கதவுகளே உட்கூரையிற் பதித்த விளக்குகள். அவற்றைப் பற்றியே இக்கட்டுரை.

தமிழாசிரியர்க்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று வினவுவாரும் இருத்தல்கூடும். இவ்விடயம் பற்றிய குறிப்புகளும் கையேடுகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள. ஆனால் பகல் முழுவதும் வீட்டிலே தங்கி, குளிரை முதலில் உணர்பவர், மக்களோடு சென்று வாழும் முதிய பெற்றோரே. அவர்களுட் பலர்க்குத் தமிழே வாசிப்பு மொழி. அவர்கள் விளங்கும் மொழியிலே விளங்கவேண்டியதை எடுத்துரைத்தல் மொழியாசிரியர் கடனென்று கருதினோம். மேலும், எமது வகுப்பறைகளிலே தமிழிற் கற்பிக்கப்படும் வெப்பவியற் பாடம் எத்துணைப் பயனுடையது என்பதற்கு இஃது ஒரு நல்ல எடுத்துக்காட்டுமாகும்.

விளக்கின் அமைப்பு

பேச்சுவழக்கிலே ‘சீலிங்’ எனப்படும் உட்கூரையிலே வட்டமான துளையிட்டு, அதனுள்ளே தகரக் குவளை போன்ற ஒரு கூட்டைச் செருகி, கூட்டினுள்ளே மின்குமிழைப் பொருத்துவர். கீழே நின்று பார்ப்போர்க்கு விளக்கின் வளையமும் ஒளியும் மாத்திரமே தெரியும். உடல் முழுவதும் மேலே மறைந்திருக்கும். கனடாவிலே இதனைப் ‘பொட்லைற்’ என்பர். பிரித்தானியாவிலே ‘டவுன்லைற்’ என்பர். யாம் இதனை உட்பதி விளக்கு என வழங்குவோம். பார்வைக்கு அழகும் தலைக்கு மேலே தாராளமான இடமும் தருவதால், எம்மவர் வீடுகளிலே மண்டபத்துக்கு ஆறு, சமையலறைக்கு ஆறு, படுக்கையறை தோறும் நான்கு என இவ்விளக்குகள் பெருகியுள்ளன.

உட்கூரைக்கு மேலே, கூரைக்குக் கீழே இருக்கும் வெற்றிடத்தைப் பரண் என்போம். குளிர்நாட்டு வீடுகளிலே உட்கூரையின் முதுகில், ஏறத்தாழ ஒன்றரை அடி உயரத்துக்குக் கண்ணாடி நாரோ செலுலோசுத் தூளோ பரப்பியிருப்பர். இதுவே வெப்பக் காவலி. அதற்கு மேலே பரண் வெளிக்காற்றுப்போலவே குளிர்ந்திருக்கும். அவ்வாறிருத்தலே முறை, பரணின் ஈரம் போகும்பொருட்டு அதற்கு வெளிக்காற்றோட்டமும் விடப்பட்டிருக்கும். எனவே, சூடான அறைக்கும் பனிக்காலத்து வெளிக்கும் இடையே நிற்கும் எல்லைச்சுவர் கூரை அன்று. உட்கூரையும் அதன்மேற் கிடக்கும் காவலியுமே. அந்த எல்லைச்சுவரிலே நாம் இடும் துளையே உட்பதி விளக்கு.

இங்கு ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். இரண்டு மாடி வீட்டின் கீழ்மாடி உட்கூரையிலே விளக்கைப் பதித்தால், அதற்கு மேலே இருப்பதும் சூடான அறையே. ஆதலின் பெருந்தீங்கில்லை. பரணுக்கு நேர்கீழே உள்ள மேல்மாடியிலும், ஒருமாடி வீட்டிலும், சாய்வான கூரையையே உட்கூரையாகக் கொண்ட அறையிலும் உள்ள விளக்குகளே கவனிக்கத்தக்கவை.

வெப்பம் செல்லும் வழிகள்

வெப்பம் கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல் என்னும் மூன்று வழிகளாற் செல்லும் என்பதை எமது மாணவர் அறிவர். உட்பதி விளக்கிலே முதலிரண்டும் பெரிதும் தொழிற்படுகின்றன. அவை எவ்வளவினவென்று ஒரு கணக்கால் ஆராய்வோம். கரும்பலகையிலே செய்யத்தக்க எளிய கணக்கே இது. ஒவ்வொரு வீட்டுக்கும் விடை வேறுபடும். ஆயினும் எது பெரிது, எது சிறிது என்பதை இது காட்டும்.

உட்கூரையின் பரப்பு 100 சதுர மீற்றர் எனவும், உள்ளே 20 பாகை, வெளியே பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை எனவும் கொள்வோம். வேறுபாடு 30 பாகை. காவலியின் வெப்பத்தடை சர்வதேச அளவிலே 10 எனக் கொள்வோம். வட அமெரிக்க அளவிலே இஃது ஏறத்தாழ ஆர்-57 ஆகும். பரப்பை வேறுபாட்டாற் பெருக்கித் தடையால் வகுத்தால், முழு உட்கூரையும் கடத்தலால் இழக்கும் வெப்பம் 300 உவாற்று என விடை வரும். இத்துணைப் பெரிய பரப்புக்கு இது மிகச் சிறிய இழப்பே.

இனி, அதே உட்கூரையிலே பழைய வகை விளக்குகள் 20 பதிக்கப்பட்டுள்ளன என்க. விளக்கின் அகலம் 15 சென்ரிமீற்றர். பழைய வகை விளக்குகளைக் காவலி தொடலாகாது. சுற்றிலும் 3 அங்குலம், அதாவது ஏறத்தாழ 7.5 சென்ரிமீற்றர், வெறுமையாய் விடல்வேண்டும் என்பது வட அமெரிக்க மின்விதி. ஆகவே விளக்கொன்றுக்கு 30 சென்ரிமீற்றர் அகலமுள்ள வட்டம் போர்வையின்றிக் கிடக்கும். இருபது வட்டங்களின் பரப்பு ஏறத்தாழ 1.4 சதுர மீற்றர். போர்வையற்ற உட்கூரையின் தடை 0.3 அளவினதே. எனவே இவ்வட்டங்கள் மாத்திரம் இழப்பது 140 உவாற்று. நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு இடம், முழுத்தளமும் இழப்பதில் ஏறத்தாழ அரைப்பங்கை இழக்கின்றது! நல்ல கம்பளியைப் போர்த்துக்கொண்டவன் அதில் இருபது துளையிட்டது போலாம்.

இதுவே பெரிதென்று எண்ணற்க. இதனினும் பெரிய இழப்பு மேற்காவுகையால், அதாவது காற்றின் ஒழுக்கால் நிகழ்வது. 20 பாகையிலே ஒரு கன மீற்றர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.20 கிலோகிராம், பூச்சியத்துக்குக் கீழே 10 பாகையிலே 1.34 கிலோகிராம். பாரமான குளிர்காற்று கீழ்மாடியின் நீக்கல்களாற் புகுந்து, இலேசான சூட்டுக்காற்றை மேலே தள்ளும். வீடு முழுவதுமே ஒரு புகைக்கூடு போலத் தொழிற்படும். இரண்டு மாடி வீட்டிலே மேல் உட்கூரைக்குக் கீழே இதனால் உண்டாகும் அமுக்க மேலதிகம் ஏறத்தாழ 3 பஸ்கால் அளவினது. கையால் உணரமுடியாத அளவுதான். ஆயினும் இராப்பகலாக ஓயாது தள்ளுவது.

விளக்கின் வளையத்தைச் சுற்றி 2 மில்லிமீற்றர் நீக்கல் இருப்பதாகக் கொள்வோம். ஒரு விளக்குக்கு 9.4 சதுர சென்ரிமீற்றர் ஆகும், இருபதுக்கு 188. உட்கூரையிலே அரைச் சாணுக்குச் சற்றுக் கூடிய பக்கமுள்ள சதுரத்தை வெட்டித் திறந்து விட்டதற்கு இது சமம். அவ்வழியே வினாடிக்கு ஏறத்தாழ 25 இலீற்றர் காற்று மேலேறும். அக்காற்றுடன் செல்லும் வெப்பம் ஏறத்தாழ 900 உவாற்று. காவலி வழியே முழு உட்கூரையும் இழப்பதைப்போல் மும்மடங்கு! பழைய கூடுகளிலே, குமிழின் சூடு தணிவதற்கென்றே உற்பத்தியாளர் துளைகள் விட்டிருப்பர். அவற்றையும் சேர்த்தால் இழப்பு இன்னும் மிகும். இழைக்குமிழ் தான் பெறும் மின்சாரத்தில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் வெப்பமாகவே வெளிவிடுவதாதலின், அது எரியும்போது கூட்டினுள்ளே காற்று இன்னும் சூடேறி இன்னும் விரைவாக மேலே செல்லும்.

ஆகவே இக்கட்டுரையின் சாரம் இதுவே: போர்வை குறைந்ததினும் துளை திறந்ததே பெருங்கேடு. முதலில் துளையை அடைத்தல் வேண்டும். பின்னரே போர்வையைப் பற்றி எண்ணல் வேண்டும். பரணிலே மேலும் மேலும் கண்ணாடி நாரைக் குவிப்போர் பலர். நார் நின்ற காற்றின் வெப்பத்தைக் காக்கும். ஓடும் காற்றை மறிக்காது. பின்னல் மேலங்கி எத்துணைத் தடிப்பாயினும் வாடை ஊடுருவிச் செல்வதைப் போன்றது அது.

நீராவியும் பனியணையும்

இழக்கப்படுவது பணமாத்திரமாயின், வசதியுடையோர் கவலைப்படாதிருக்கலாம். ஆனால் மேலேறும் காற்று வெறுங்கையுடன் போவதில்லை. சமையல், குளியல், எமது மூச்சு ஆகியவற்றாற் பிறந்த நீராவியையும் சுமந்து செல்கின்றது. 20 பாகையிலே ஒரு கன மீற்றர் காற்று 17 கிராம் வரை நீராவியைத் தாங்கவல்லது. பூச்சியத்துக்குக் கீழே 10 பாகையிலோ 2.4 கிராமுக்கு மேல் தாங்காது. அறைக்காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 40 ஆயின், கன மீற்றருக்கு ஏறத்தாழ 7 கிராம் நீராவி இருக்கும். அக்காற்றுப் பரணைச் சேர்ந்து குளிர்ந்ததும் ஏறத்தாழ 5 கிராம் நீராவி ஒடுங்கி வெளிப்படும். மேற்கூறிய ஒழுக்கினால் ஒரு நாளைக்கு 2,000 கன மீற்றருக்கு மேல் காற்றுச் செல்லுமாதலின், பெரும்பங்கு நீராவி கூரையின் காற்றுப்போக்கிகளால் வெளியேறினும், ஒரு சிறுபங்கு படிந்தாலே போதும். கூரைப் பலகையின் அடியில் உறைபனி திரளும். மாசி, பங்குனியில் வெயில் ஏறியதும் அஃது உருகிச் சொட்டும். மழையே பெய்யாத நாளில் வீடு ஒழுகுகின்றதே என்று வீட்டார் மயங்குவர். ஓயாது நனையும் பலகை பூஞ்சணம் பிடித்து உக்கும். நனைந்த காவலியும் தன் ஆற்றலை இழக்கும்.

மற்றொரு கேடு பனியணை. பரணிலே சூடு பரவினால் கூரைமேற் கிடக்கும் பனி அடியிலிருந்து உருகும். உருகிய நீர் சாய்வில் இறங்கிக் கூரையின் விளிம்பை அடையும். விளிம்பு சுவருக்கு வெளியே நீண்டிருப்பதால் அங்கே சூடில்லை. நீர் மீண்டும் உறையும். நாளடைவில் அங்கே பனிக்கட்டி ஓர் அணையாகத் திரண்டு நிற்க, பின்னால் வரும் நீர் தேங்கிக் கூரைத்தகட்டின் அடியாற் புகுந்து சுவரினுள்ளே இறங்கும். கூரை விளிம்பிலே தொங்கும் பனிக்கூர்களைச் சிறுவர் கண்டு மகிழ்வர், வீட்டுக்குரியவர் மகிழ்தற்கில்லை.

மூடினால் முடிந்ததோ?

அப்படியாயின் விளக்கின் மேலே கண்ணாடி நாரை அள்ளிப் போட்டு மூடிவிட்டால் என்ன என்று கேட்கலாம். கூடவே கூடாது! பழைய வகைக் கூடு காற்றிலே குளிரும்படி அமைக்கப்பட்டது. அதனுள்ளே 60 அல்லது 75 உவாற்றுக் குமிழ் எரிய, மேலே போர்வையும் இட்டால், சூடு போக்கிடமின்றித் திரண்டு மின்கம்பியின் உறையைக் கருக்கும். அருகிலுள்ள மரத்தையும் பற்றும். வெப்பத்தைக் காக்கப் போய் வீட்டையே இழத்தல் பேதைமை. பல விளக்குகளில், சூடு மிஞ்சினால் மின்னைத் துண்டிக்கும் காப்பு உறுப்பு ஒன்று உண்டு. தானே அணைந்து, சிறிது நேரத்தின் பின் தானே எரியும் விளக்கு வீட்டில் இருப்பின், அது பழுது மாத்திரம் அன்று, எச்சரிக்கை. அவ்விளக்கை உடனே நிறுத்தி ஆராய்தல் வேண்டும்.

ஆதலின் முதலில் அறியவேண்டியது விளக்கின் வகை. வட அமெரிக்க விளக்குகளிலே கூட்டின் உட்புறத்தில் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். அதில் ‘ஐ.சி.’ என்னும் எழுத்துகள் இருப்பின், காவலி தொடலாம் என்பது கருத்து. அவ்வெழுத்துகள் இல்லாவிடின் தொடலாகாது எனவே கொள்ளல் வேண்டும். காற்றிறுக்கமானது என்னும் குறிப்பு வேறொன்று. ஒன்றிருப்பதால் மற்றதும் இருக்கும் என எண்ணற்க. காற்றிறுக்கமானது எனப்படும் விளக்கு, 75 பஸ்கால் அமுக்கத்திலே சோதிக்கும்போது நிமிடத்துக்கு 2 கன அடிக்கு மேல் காற்றை விடலாகாது. இரண்டு குறிப்புகளும் உள்ள விளக்கே பரணின் கீழே பதிக்கத் தக்கது.

ஒழுக்கைக் கண்டறிதல்

ஒழுக்கைக் கண்டுபிடிப்பதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. எம்மவர் வீடுகளிலே என்றும் உள்ள ஊதுபத்தி போதும். குளிர் மிக்க நாளொன்றில், சூடாக்கி ஓய்ந்திருக்கும்போது, விளக்கை அணைத்து ஆறவிட்டு, வளையத்தின் அருகே ஊதுபத்தியைப் பிடிக்க. புகை வளையத்தினுள்ளே இழுபட்டு மறையுமாயின் அங்கே வழி உண்டு. ஏணியில் ஏறும் இவ்வேலையை முதியோர் செய்தலாகாது; நெருப்பை எதிலும் படவிடுதலும் ஆகாது.

புகையின்றியும் சில குறிகளால் அறியலாம். வளையத்தைச் சுற்றி உட்கூரையிற் கருநிறத் தூசி படிந்திருத்தல். பரணிலே விளக்கின் மேலுள்ள நார் வடிகட்டித் துணிபோற் கறுத்திருத்தல். அயல்வீட்டுக் கூரைகளிற் பனி மூடிக்கிடக்க எமது கூரையில் மாத்திரம் திட்டுத்திட்டாக உருகியிருத்தல் ஆகியன அக்குறிகள். முழுவீட்டையும் அளந்தறிய விரும்புவோர், வாயிற்கதவில் விசிறி பொருத்தி 50 பஸ்கால் அமுக்க வேறுபாட்டிலே நடத்தும் சோதனையைத் தகுதியுடையோரைக் கொண்டு செய்விக்கலாம்.

தீர்க்கும் முறைகள்

எவ்வேலைக்கும் முன்னர் ஆளியை மாத்திரமன்றி, அச்சுற்றுக்குரிய மின்னோட்டத்தையே தலைமைப் பெட்டியில் துண்டித்தல் வேண்டும். ஒன்ராறியோ மாகாணத்திலே கூலிக்கு மின்வேலை செய்விப்போர் உரிமம் பெற்ற ஒப்பந்தகாரரையே அமர்த்தல் சட்டம். “எங்கட பொடியன் ஒருவன் செய்து தருவான்” என்று உரிமமில்லாரிடம் ஒப்படைப்பது, தீ நேர்ந்தபோது காப்புறுதிப் பணத்துக்கும் இடையூறாகலாம்.

முதலாவது முறை, பழைய விளக்கை முற்றாக நீக்கிப் புதிய மெல்லிய எல்.ஈ.டி. விளக்கைப் பொருத்துதல். இதன் தடிப்பு அரை அங்குல அளவினது; கூடு இல்லை; மின்னிணைப்புப் பெட்டி தனியே மேலே கிடக்கும். வளையத்தின் அடியில் உள்ள மென்பட்டி உட்கூரையுடன் அழுந்திக் காற்றை மறிக்கும். இவ்வகையிற் பெரும்பாலானவை காவலி தொடத்தக்கவையும் காற்றிறுக்கமானவையுமாம். ஆயினும் சீட்டைப் பார்த்தே வாங்குக. 60 உவாற்று இழைக்குமிழின் ஒளியை இது 9 உவாற்று அளவில் தரும். துளை, போர்வை, மின்கட்டணம் மூன்றுக்கும் ஒரே மருந்தாதலின் இதனையே முதன்மையாகக் கூறுகின்றோம்.

இரண்டாவது முறை, பழைய கூட்டை விடாது அதனுள்ளே பொருந்தும் எல்.ஈ.டி. முகப்பை இடுதல். முகப்பின் அடியிலே மென்பட்டி இருத்தல் வேண்டும். கூட்டின் விளிம்புக்கும் ஜிப்சம் பலகைக்கும் இடையேயுள்ள நீக்கலை, சூடு தாங்கும் அடைபசையால் நிரப்பியபின் முகப்பை இறுக்குக. குமிழை மாத்திரம் எல்.ஈ.டி. ஆக மாற்றினால் மின்சாரம் மிஞ்சும்; சூடும் குறையும்; ஆனால் துளை துளையாகவே இருக்கும். கூட்டின் வகையும் மாறாது. காவலி தொடலாகாது என்ற கூடு, நாளை ஒருவர் பழைய குமிழை இட்டால் மீண்டும் ஆபத்தாகும்.

மூன்றாவது முறை, பரணிலிருந்து பெட்டி கவிழ்த்தல். விளக்கை மாற்ற இயலாத இடத்திலே, ஜிப்சம் பலகையால் ஒரு பெட்டி செய்து, கூட்டுக்கும் பெட்டிக்கும் இடையே எப்புறமும் 3 அங்குலத்துக்குக் குறையாத வெளிவிட்டுக் கவிழ்த்து, அடியைப் பசையால் அடைப்பர். பெட்டியின் பக்கங்களிற் காவலி சாரலாம், உச்சியை மூடலாகாது. விளக்கின் உற்பத்தியாளர் இதனை ஒப்பும் இடத்து மாத்திரமே இம்முறை கைக்கொள்ளத்தக்கது. புதிதாய்க் கட்டப்படும் கனேடிய வீடுகளிலே, உட்கூரைக்கு மேலே விரிக்கும் பொலித்தீன் ஆவித்தடையுடன் ஒட்டி இணைக்கத்தக்க நெகிழித் தொப்பிகளை, காவலி தொடத்தக்க விளக்குகளின் மேலே முன்னரே பொருத்துவர்.

நான்காவது முறை எல்லாவற்றினும் எளிது. துளையை அடைத்துப் பூசி, உட்கூரையின் மேற்பரப்பிலே பொருத்தும் விளக்கையோ நிலைவிளக்கையோ கொள்ளல். துளையில்லாத இடத்தில் ஒழுக்குமில்லை. மேல்மாடிக்கு இத்தனை விளக்கு வேண்டுமோ என ஒருகால் எண்ணிப் பார்த்தலும் நன்று.

பிரித்தானியாவில் வாழ்வோர் மற்றொன்றையும் நோக்குக. அங்கே பரணுக்கு 270 மில்லிமீற்றர் தடிப்பான கம்பளிக் காவலி பரிந்துரைக்கப்படுகின்றது. விளக்குகளோ நெடுங்காலம் 50 உவாற்று ஹலோஜன் குமிழ்களாக இருந்தன. அவற்றின் சூடு கடுமையானது. பிறமாடிகளின் உட்கூரை தீயைக் குறித்த நேரம் தடுக்கவேண்டிய இடங்களில், 30, 60, 90 நிமிடங்களுக்குச் சோதிக்கப்பட்ட தீத்தடை விளக்குகள் உள. தீத்தடை என்ற சொல் காவலி தொடலாம் என்பதை உணர்த்தாது. அதனையும் உற்பத்தியாளர் குறிப்பிற் காண்க.

சில எச்சரிக்கைகள்

பரணில் ஏறுமுன் அங்கே கிடப்பது யாதென அறிதல் வேண்டும். 1990ஆம் ஆண்டுக்கு முற்பட்ட வட அமெரிக்க வீடுகள் சிலவற்றில், சாம்பலும் கபிலமும் கலந்து மினுங்கும் சிறு கூழாங்கல் போன்ற வேர்மிக்குலைற்று என்னும் காவலி உண்டு. மொன்ரானா மாநிலத்து லிபி என்னும் இடத்துச் சுரங்கத்திலிருந்து வந்த வேர்மிக்குலைற்றிலே அஸ்பெஸ்ரஸ் நார் கலந்திருந்தது. அச்சுரங்கம் 1990இல் மூடப்பட்டது. அத்தூளைக் கிளறுதல் நுரையீரலுக்குப் பெருந்தீங்கு. அத்தகைய பரணிற் கால்வைக்காது வல்லாரை அழைக்க. மிகப் பழைய வீடுகளிலே பீங்கான் குமிழ்களிற் சுற்றிய மின்கம்பி இருப்பின், அதனைக் காவலியால் மூடுதலும் ஆகாது.

துளைகளை அடைத்தபின் வீட்டின் ஈரம் உள்ளேயே தங்கும். சமையலறை, குளியலறை விசிறிகளை முறையாக இயக்குக. அவற்றின் குழாய்கள் பரணிலே முடியாது, கூரைக்கு வெளியே சென்று முடிகின்றனவா என்றும் பார்க்க. எரிவாயு அடுப்போ சூடாக்கியோ உள்ள வீட்டிலே காபனோரொட்சைட்டு அறிவிப்புக் கருவி வேலை செய்தல் இன்றியமையாதது.

இங்கே வாழும் மாணவர், இது குளிர்நாட்டார்க்கே உரிய கதையென்று ஒதுக்கற்க. கொழும்பிலும் பிற நகரங்களிலும், கூரைக்குக் கீழே பொய்யுட்கூரை அமைத்து, உட்பதி விளக்குகளைப் பொருத்தி, குளிரூட்டியும் பூட்டும் வழக்கம் பரவி வருகின்றது. குளிர்ந்த காற்றுப் பாரமானதாதலின் அறையின் கீழ் நீக்கல்களால் வெளியேறும். வெயிலிற் காய்ந்த கூரையடிச் சூட்டுக்காற்று விளக்குத் துளைகளால் உள்ளிறங்கும். திசைதான் மாறியது, துளையும் நட்டமும் அவையே. வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கே செல்லும் என்று வகுப்பிலே கற்ற ஒருவரி விதி, ரொறன்ரோவிலும் கொழும்பிலும் ஒன்றுபோலவே நடக்கின்றது.

குளிர்நாடுகளில் வாழும் பழைய மாணவர் இவ்வாண்டு மாரி பிறக்குமுன், ஐப்பசி மாதத்திலேயே ஒருநாள் ஒதுக்கித் தம் மேல்மாடி விளக்குகளை எண்ணுக; ஒவ்வொன்றின் சீட்டையும் வாசிக்க; தொடலாகாதது எது, ஒழுகுவது எது என்று ஒரு தாளிற் குறிக்க. அத்தாளை உரிமம் பெற்ற வேலையாளர் கையிற் கொடுத்தால் பாதி வேலை முடிந்ததாகும். தை மாதத்து இரவிலே மேல்மாடியில் உறங்கும் தாய்தந்தையர்க்கு மற்றொரு கம்பளி வாங்கிக் கொடுப்பதினும், தலைக்கு மேலே திறந்து கிடக்கும் அக்கதவுகளை அடைத்துக் கொடுத்தல் நன்று.